காலி அட்டை

ஜனவரி 9, செவ்வாய்

ஒரு வழியாக இன்று ஆய்வு தொடங்கிவிட்டது. எட்டு மாதமாக அனுமதிக் குழுவின் வாசலில் காத்துக் கிடந்ததற்குப் பலனாக, அறுபத்து நான்கு சர்க்கரை நோயாளிகள் காலை எட்டு மணிக்கே கல்லூரி மருந்தகத்தின் முன்னால் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் விசைத்தறிக்காரர்கள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள், தலைமுடியெல்லாம் பஞ்சு.

ஆய்வு என்னவென்று அம்மாவுக்குப் போனில் விளக்கியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். ஐந்து வருடம் கழித்து எடுத்துப் படித்தால் எனக்கே புரிய வேண்டும். சர்க்கரை மாத்திரையை மக்கள் ஒழுங்காகப் போடுவதில்லை. உலகம் முழுக்க இதே கதைதான். மருந்தாளுநர் ஒருத்தி மாதாமாதம் உட்கார்ந்து பேசி, மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்தால் ஒழுங்கு வருமா? வரும் என்று நான் சொல்கிறேன். ஆறு மாதத்தில் நிரூபிக்க வேண்டும்.

விதிகள் எளிமை. நான்கு வாரத்துக்கு ஒரு செவ்வாய் வர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை வீதம் மூன்று அட்டை, முப்பது மாத்திரை கொடுப்பேன். இருபத்தெட்டாம் நாள் அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒழுங்காகப் போட்டிருந்தால் இரண்டு மிச்சம் இருக்கும். அந்த இரண்டு, ஒரு நாள் வர முடியாமல் போனால் கைகாவலுக்கு. ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை இறங்காதவர்களுக்கு அடுத்த மாதம் மாத்திரையின் அளவு ஒரு படி ஏறும். ஒரு மில்லிகிராமில் ஆரம்பித்து நான்கு வரை. ஏற்றிக் கையெழுத்துப் போடுவது என் வழிகாட்டி, டாக்டர் தணிகாசலம் சார். எண்ணுவது நான். எனக்கு எண்ணுவது பிடிக்கும்.

முதலில் பெயர் கொடுத்தவர் சம்பூர்ணம் அம்மா, ஐம்பத்தாறு வயது. தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. "மேடத்துக்கு எந்த ஊருங்க, பேச்சு வேற மாதிரி இருக்குதுங்க" என்றார். திருநெல்வேலிப் பக்கம் என்றேன். "அவ்ளோ தூரத்துலேர்ந்து எங்களுக்காக வந்திருக்கீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் என் பட்டத்துக்காக வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜனவரி 10, புதன்

விடுதியில் மூன்றாவது நாளாக உப்புமா. ஸ்கூட்டி பஞ்சர்.

பிப்ரவரி 6, செவ்வாய்

முதல் எண்ணிக்கை. எதிர்பார்த்ததைவிட மோசம். ஒருவரிடம் ஐந்து மிச்சம், ஒருவரிடம் பதினான்கு. இரண்டு பேர் அட்டையைப் பிரிக்கவே இல்லை. இருபத்தோரு பேர் மட்டும் முழுக் காலி. தையற்கடை ஜமீலா பீவி சரியாக இரண்டு மிச்சம் கொண்டு வந்தார்.

சம்பூர்ணம் அம்மாவுடையது மூன்றும் காலி. அட்டைகளைக் கழுவித் துடைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டு வந்திருந்தார். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 228. ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. இரண்டு மில்லிக்கு ஏற்றியாயிற்று.

டெம்போ ஓட்டுகிற குழந்தைவேலு பதினொன்று மிச்சம் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"நூல் மூட்டை ஏத்திட்டு சேலம் போனா, சோறு திங்க மணி ரெண்டு மூணு ஆயிருமுங்க. மாத்திரையப் போட்டுட்டு வவுத்தக் காயப்போட்டா கை நடுங்கி, கண்ணக் கட்டுதுங்க. அதனால சேலம் போற அன்னிக்கு மட்டும் உட்டுருவனுங்க."

"அண்ணா, இது மாத்திரையா, கட்சி மாநாட்டு நோட்டீஸா? வேணும்னா வாங்கவும் வேண்டாம்னா விடவும்?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். வரிசை முழுக்கச் சிரித்தது. மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அம்மா சொல்வது சரிதான். இருந்தாலும் இந்த மாதிரி ஆட்களுக்குக் கூச்சம்தான் நல்ல மருந்து.

பிப்ரவரி 8, வியாழன்

சாரிடம் ஒரு யோசனை சொன்னேன், உடனே சரி என்றார். மூன்று மாதம் தொடர்ந்து காலி அட்டை கொண்டுவருபவர்களுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குப் போசி. இங்கே பாத்திரத்தைப் போசி என்கிறார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது. மாதாமாதம் வருகை அட்டையில் ஒரு ஸ்டார் ஒட்டுவது, சுவரில் பெயர்ப் பலகை. எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான், வயது கூடினால் என்ன.

"ரெண்டு மிச்சம் இருந்தால்தான் கணக்கு சரி, அப்படி அறிவிக்கலாமா?" என்று சார் கேட்டார். "குழப்பம் சார், காலின்னு சொன்னாத்தான் புரியும்" என்றேன். அவருக்கும் அவசரம், சரி என்றார்.

பிப்ரவரி 21, புதன்

துணி துவைத்தேன். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை மூன்றாம் முறையாக நிரப்பினேன். அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதற்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

நம்பவே முடியவில்லை. அறுபத்து நான்கில் ஐம்பத்தெட்டுப் பேர் முழுக் காலி! குழந்தைவேலு கூட. மேசையில் மூன்று அட்டையையும் விசிறி மாதிரி விரித்துக் காட்டி, "எண்ணிப் பாருங்க மேடம்" என்றார். எண்ண என்ன இருக்கிறது. ஸ்டார் ஒட்டியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மற்றவர்கள் கை தட்டினார்கள்.

ஜமீலா பீவிக்கு ஸ்டார் இல்லை. இரண்டு மிச்சம். "முப்பது குடுத்தீங்க. இருபத்தெட்டு நாளாச்சு. ரெண்டு இருக்கத்தானே மேடம் செய்யும்?" என்று கணக்கு வாத்தியார் மாதிரி கேட்டார். விதி விதிதான் என்றேன். அவருக்குச் சர்க்கரை 190லிருந்து 124க்கு இறங்கியிருக்கிறது, ஒரே மில்லியில். அவருடைய உடல்வாகு அப்படிப் போலிருக்கிறது.

மற்றவர்களுக்குத்தான் இறங்கக் காணோம். இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லை என்றால் மாத்திரை போதவில்லை என்றுதானே அர்த்தம்? சார் ஒரே மூச்சில் ஐம்பத்து மூன்று பேருக்கு ஒரு படி ஏற்றிக் கையெழுத்துப் போட்டார். சம்பூர்ணம் அம்மா மூன்று மில்லி. குழந்தைவேலு இரண்டு.

கணினியில் கணக்குப் போட்டால் ஒழுங்கு நூற்றேழு சதவீதம் என்று வருகிறது. நூற்றுக்கு நூற்றேழு மார்க்! சிரிப்பாக இருந்தது.

மார்ச் 6, புதன்

நூறுக்கு மேல் வருவதையெல்லாம் நூறு என்று மாற்றிவிடலாம் என்றார் சார். மாற்றிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

அம்மா போன். வழக்கமான பேச்சுதான், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்று. ஹைதராபாத் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒழுங்கு 98 சதவீதம் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அறுபதைத் தாண்டவில்லை. படித்துப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்று போசி வழங்கும் நாள். மூன்று மாதமும் காலி அட்டை தந்த இருபது பேருக்குச் சார் கையால் கொடுத்தோம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார்.

காலையில் நான் வரும்போதே கேட்டுக்கு வெளியே கும்பலாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பெண்கள் முந்தானையை உதறினார்கள். சாக்கடை ஓரத்தில் வெள்ளையும் இளம்பச்சையுமாகச் சின்னச் சின்னதாக ஏதோ சிதறிக் கிடந்தது. மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள், அன்னதானத்துக்கு வந்த மிட்டாயாக இருக்கும். மாசக்கடைசிக் குப்பைகூட அள்ளவில்லை இந்தப் பஞ்சாயத்தில்.

அறுபத்தோரு பேர் காலி. மறுபடி ஏற்றம். சம்பூர்ணம் அம்மா நான்கு மில்லிக்கு வந்துவிட்டார், அதுதான் உச்சபட்சம். சர்க்கரை 241. குழந்தைவேலு மூன்று மில்லி.

போசியை வாங்கிக்கொண்ட பிறகும் சம்பூர்ணம் அம்மா போகாமல் மேசை ஓரமாகவே நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"இந்த மாத்திரை... எனக்கு இவ்ளோ பெருசு வேணுமுங்களா? நான் வந்து..." என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் நாற்பது பேர். பத்திரிகைக்காரர் வேறு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, சார் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க. பயப்படாமப் போடுங்க. வரிசை நீளமா இருக்கு, அடுத்த மாசம் நிதானமாப் பேசலாம், என்ன?"

"சரிங்க" என்று போய்விட்டார். நல்ல மனுஷி, கொஞ்சம் பயந்த சுபாவம்.

ஏப்ரல் 3, புதன்

தலைவலி. கல்லூரிக்குப் போகவில்லை. நேற்று அந்த அம்மா என்ன சொல்ல வந்தார் என்று இரண்டு முறை நினைத்தேன். ஒன்றும் இருக்காது.

ஏப்ரல் 18, வியாழன்

ஹைதராபாத்திலிருந்து சுருக்கத்தை ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல். சார் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை நோய்ப் பிரிவில் ஜாங்கிரி! நானும் இரண்டு தின்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

நான்காவது எண்ணிக்கை. அறுபத்து மூன்று காலி. ஜமீலா பீவியைத் தவிர எல்லாரும். குழந்தைவேலுவும் நான்கு மில்லிக்கு வந்துவிட்டார். இப்போது நாற்பத்து நான்கு பேர் உச்சபட்ச அளவில். சர்க்கரை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. இந்த ஊர் மக்களின் உடம்பிலேயே ஏதோ இருக்கிறது, மரபணுவைப் பார்க்க வேண்டும் என்கிறார் சார். அடுத்த ஆய்வுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது.

சம்பூர்ணம் அம்மாவுடன் இன்று மகள் நித்யகலா வந்திருந்தாள். ஓசூரில் கம்பெனி வேலை, ஒரு மாதம் லீவு போட்டு வந்திருக்கிறாள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லையாம், போன வாரம் விரலைத் தார் மிஷினில் கொடுத்துவிட்டாராம், கட்டுப் போட்டிருந்தார். சர்க்கரை 150க்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

"எப்படியாவது இறக்கிக் குடுங்க மேடம். அம்மாவுக்குக் கண்ணு போனா பொழப்பே போச்சுங்க" என்றாள். எனக்கு இப்படிப் பொறுப்பாகக் கேட்கிற பெண்களைப் பிடிக்கும்.

"நீங்களே உங்க கையால தினமும் காலையில ஏழு மணிக்குக் குடுங்க. முழுங்கறவரை பக்கத்துலயே நில்லுங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றேன். அவள் போனில் அலாரம் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் சொல்ல வந்ததைச் சம்பூர்ணம் அம்மா மறுபடி எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் மகளிடம், "நான் கம்பத்துக்கு விரதம் இருக்கறேன் கண்ணு, மத்தியானம் ஒரு வேளைதான் சோறு" என்றார். "மாத்திரைக்கு என்னம்மா விரதம்?" என்றாள் மகள். சரியாகச் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன்.

மே 2, வியாழன்

காலை பத்தரைக்கு நித்யகலா போன் செய்தாள். "அம்மாவுக்கு உடம்பெல்லாம் தண்ணியா ஊத்துதுங்க மேடம். கை நடுங்குது. என்னென்னமோ பேசறாங்க. மாத்திரையை நிறுத்திப் பார்க்கட்டுங்களா?"

ஹைதராபாத் விளக்கப் படத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். "நாலு மாசமாப் போட்டுட்டு இருக்கற மாத்திரைதானே நித்யா, புதுசா ஒண்ணும் ஆகாது. மே மாச வெயில். மோர் குடுங்க" என்றேன்.

"சரிங்க மேடம். விடாமக் குடுத்துருவேன்."

மே 4, சனி

சம்பூர்ணம் அம்மா காலையில் குளியலறையில் விழுந்துவிட்டார். சர்க்கரை 31. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஊசியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்து, "தறி ஓடுதா?" என்று கேட்டாராம். மத்தியானம் மறுபடி மயக்கம். மறுபடி குளுக்கோஸ், மறுபடி விழிப்பு, மறுபடி மயக்கம். இந்த மாத்திரை உடம்பில் ஒரு நாளுக்கு மேல் நிற்கும், எழுப்பி எழுப்பி உள்ளே இழுக்கும். இதை இரண்டாம் வருடத்திலேயே படித்தேன், பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன்.

மே 5, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நித்யகலா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பழைய பவுடர் டப்பாவை நீட்டினாள்.

"அம்மா நூல் கூடைக்கு அடியில இருந்துச்சுங்க மேடம்."

திறந்தேன். உள்ளே மாத்திரைகள். ரோஸ், வெள்ளை, பச்சை, எல்லா அளவும். நூறுக்கும் குறையாது. மருந்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை போலிருக்கிறது அந்த அம்மாவுக்கு.

"இத்தன நாளா போடவே இல்லீங்களா மேடம்? அப்ப நான் நாலு நாளா குடுத்தது... அத்தன பெருச ஒரேயடியா குடுத்துட்டனுங்களா? நான்தான் பக்கத்துல நின்னு முழுங்க வெச்சேன். வேண்டாம் வேண்டாம்னுச்சு. ஏன்னு கேக்காமப் போனேன்."

நீ கேட்டாய் நித்யா, என்னிடம் கேட்டாய் என்று சொல்லியிருக்க வேண்டும். "மனசைத் தளர விடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கு வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மே 6, திங்கள்

சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"ஜெபசெல்வி, நோயாளி மருந்தை முறைப்படி எடுக்கலை. அதுதான் உண்மை. அனுமதிக் குழுவுக்கு அப்படியே எழுதுங்க. ஒரு ஆள் ஏமாத்தினதுக்கு மொத்த ஆய்வும் பொய்யாகிடாது."

உண்மைதான், அவர் முறைப்படி எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். மற்றவர்கள் பயந்துபோய் ஆய்வை விட்டு ஓடிவிடக் கூடாது, நோயாளிகளின் வாட்ஸப் குழுவில் உங்கள் குரலில் ஒரு செய்தி போடுங்கள் என்று. பேசினேன். "சம்பூர்ணம் அம்மா மாத்திரையை ஒழுங்கா போடாததாலதான் இந்த நிலைமை. நீங்க எல்லாரும் இன்னையிலிருந்து ஒரு நாள்கூட விடாம, காலையில எழுந்ததும் கண்டிப்பா போடணும். வீட்டுல இருக்கறவங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கணும்." முதல் இரண்டு தடவை குரல் நடுங்கியது. மூன்றாவது தடவை நன்றாக வந்தது, அதை அனுப்பினேன்.

மே 7, செவ்வாய்

சம்பூர்ணம் அம்மா அதிகாலையில் இறந்துவிட்டார்.

மே 8, புதன்

வாட்ஸப் குழு நிரம்பி வழிகிறது. கும்பிடு போட்ட கைகள், அழுகிற முகங்கள், அவரவர் குரலில் சத்தியங்கள். "பயந்துட்டோமுங்க மேடம். இனி ஒண்ணு விட மாட்டோம்." "எம்பொண்டாட்டி வாயத் தெறந்து பாத்துட்டுத்தான் உடறா." "இனிமே பொய் இல்லீங்க மேடம்." மாலை நான்கு மணிவரை இவற்றைக் கேட்டபடி பாத்திரம் கழுவினேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஒரு நிறைவு கூட வந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறார்களே என்று.

இனிமே பொய் இல்லீங்க. அந்தக் குரல் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டேன். கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது, அப்படியே கீழே வைத்தேன்.

முப்பது கொடுத்தேன். இருபத்தெட்டு நாள். உண்மையாகப் போட்டவரிடம் இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். காலி அட்டை கொண்டுவந்த ஒவ்வொருவரும் மாத்திரையைப் பிதுக்கிக் கொட்டிவிட்டு வந்தவர்கள். அறுபத்து மூன்று பேர். உண்மை சொன்ன ஒரே ஆள் ஜமீலா பீவி, அவருக்கு நான் ஸ்டார் கூடக் கொடுக்கவில்லை. இது எனக்கு இன்றைக்குத் தெரிந்தது என்று எழுதினால் அதுவும் பொய். கணினி நூற்றேழு என்று காட்டிய அன்றே தெரியும். சாக்கடை ஓரத்தில் கிடந்தது மிட்டாய் இல்லை என்றும் தெரியும். நான் மருந்தாளுநர், மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 98 சதவீதம் பிடித்திருந்தது.

நாற்பத்து மூன்று பேரிடம் நான்கு மில்லி இருக்கிறது. அதில் பாதிகூட அவர்கள் உடம்புக்குத் தேவையில்லை. இத்தனை நாளும் அவர்கள் உயிரைக் காப்பாற்றியது அவர்கள் சொன்ன பொய். அந்தப் பொய்யை நான் திங்கட்கிழமை நிறுத்திவிட்டேன். நித்யகலா நான்கு நாள் கொடுத்தாள். இவர்கள் செவ்வாய், புதன் இரண்டு நாள் போட்டாயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது.

சாரை அழைத்தேன். ஏழு முறை. எடுக்கவில்லை.

மே 9, வியாழன்

காலை ஆறரைக்குச் சார் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப அளவைக் குறைன்னு சொன்னா, ஏத்தினது தப்புன்னு நாமே ஒத்துக்கறதா ஆகும். நாளைக்கு அனுமதிக் குழு கூடுது. அதுவரைக்கும் நீங்க எதுவும் பேசாதீங்க."

"அதுவரைக்கும் அவங்க போட்டுட்டே இருப்பாங்க சார்."

"எல்லாருமா பொய் சொல்லியிருப்பாங்க? நீங்க பதட்டத்துல இருக்கீங்க."

வைத்துவிட்டேன். உடனே வாட்ஸப் குழுவில் பேசினேன், ஒரே தடவையில். "நான் ஜெபசெல்வி. இன்னைக்கு யாரும் மாத்திரை போடாதீங்க. போட்டிருந்தா உடனே சாப்பிடுங்க. நடுக்கம், வேர்வை, கண் மங்கல் இருந்தா சர்க்கரை போட்ட தண்ணி குடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. இதுவரைக்கும் யார் யார் மாத்திரையைக் கொட்டிட்டு வந்தீங்களோ அவங்க எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க. தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான். கோவிச்சுக்க மாட்டேன்."

ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. பதில்கள் மட்டும் வந்தன. "நாங்க எப்பவும் ஒழுங்காத்தான் போடறமுங்க மேடம்." "எங்க வீட்ல கொட்டற பழக்கமே இல்லீங்க." ஒருவர் தன் வருகை அட்டையின் மூன்று ஸ்டாரையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஒருவர் பிரிக்கப்பட்ட அட்டையையும், வாயைத் திறந்து நாக்கைக் காட்டும் தன் முகத்தையும்.

பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைக்க ஆரம்பித்தேன். தறிக் கொட்டகையில் போன் மணி கேட்காது. ஆறு பேர் எடுத்தார்கள். ஆறு பேரும் ஒன்று விடாமல் போட்டதாகச் சத்தியம் செய்தார்கள். அழுதுகூடப் பார்த்தேன். "நீங்க எதுக்கு மேடம் அழுவறீங்க, நாங்க சொன்ன பேச்சு கேக்கறமுங்க" என்கிறார்கள்.

பதினொன்று இருபதுக்குக் குழந்தைவேலு எடுத்தார். பின்னால் டெம்போவின் இரைச்சல்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"சேலம் போயிட்டிருக்கனுங்க மேடம். லோடு."

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போடாமீங்களா! நீங்க திங்கக்கெழம சொன்னதுலேர்ந்து வெடியால எந்திரிச்சதும் மொதல் வேல அதானுங்க. மூணு நாளா ஒண்ணு உடலீங்க."

"சாப்பிட்டீங்களா?"

"சேலத்துக்குப் போயித்தானுங்க."

"உடம்பு எப்படி இருக்கு? நடுக்கம் இருக்கா?"

"கொஞ்சம் வேர்க்குதுங்க. வெயிலு."

"அண்ணா, வண்டிய ஓரங்கட்டுங்க. இப்பவே. பக்கத்துல டீக்கடை இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் சிரித்தார். பிப்ரவரியில் எல்லார் முன்னாலும் காது சிவந்து நின்ற மனிதர், இப்போது என்னைச் சரியாகப் பிடித்துவிட்டவர் மாதிரி சிரித்தார்.

"சோதிச்சுப் பாக்கறீங்களா மேடம்? நான் சக்கரையத் தொட்டு நாலு மாசம் ஆச்சுங்க. தொட மாட்டனுங்க."

லைன் கட்டாயிற்று. மறுபடி அழைத்தேன். மணி போகிறது. இதை எழுதுகிற நேரத்தில் பதினோரு தடவை அழைத்துவிட்டேன், மணி போய்க்கொண்டே இருக்கிறது.